நிரலின் உரிமம் யாருக்காக?

கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர் அதை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்பதையும் முடிவுசெய்தாக வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற தளர்வான உரிமங்களில், எழுதியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காமல் விட்டால் போதும். நிரலை எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் கொண்டுவந்த ஜிபிஎல் உரிமம் அப்படி விடுவதில்லை. திருத்தலாம், விற்கலாம்; ஆனால் வாங்குகிறவருக்கு மூலநிரலும் அதே உரிமைகளும் போய்ச் சேர வேண்டும். இந்த நிபந்தனையைக் கட்டுப்பாடு என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள், அது கடைசியில் பொருளை வாங்குகிறவருக்காகப் போடப்பட்டது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டருக்குள் லினக்ஸ் இயங்குதளம் ஓடுவதை 2003இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல்லில் இருந்ததால், மூலநிரலைக் கொடு என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. நிறுவனமும் கொடுத்தது. அதிலிருந்து 2004இல் பிறந்த ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் இன்றைக்குப் பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் ஓடுகிறது. தயாரித்தவர்களே கைவிட்ட பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கும் அதன் வழியே பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. ஆண்ட்ரூ டானன்பாம் உருவாக்கிய மினிக்ஸ் இயங்குதளத்தின் கதை வேறு. அது பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. இன்டெல் அதை எடுத்துத் தன் சிப்புகளுக்குள் இருக்கும் மேலாண்மைப் பொறியில் வைத்தது. கணினியின் முதன்மை இயங்குதளத்துக்குத் தெரியாமலே தனியாக ஓடும் பகுதி அது. இந்தச் செய்தி 2017இல் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் டானன்பாமுக்கே தெரிந்தது. உரிமத்தைப் பற்றி அவர் குறைபடவில்லை, பிஎஸ்டி உரிமமே அதிகச் சுதந்திரம் தருகிறது என்று எழுதினார். அந்தச் சுதந்திரம் இன்டெலுக்குக் கிடைத்தது. கணினியை விலை கொடுத்து வாங்கியவருக்கோ அந்த நிரலைப் பார்க்கவும் வழியில்லை, திருத்தவும் வழியில்லை.

ஜிபிஎல் என்றால் நிறுவனங்கள் ஒதுங்கிவிடும் என்பார்கள். சில ஒதுங்கத்தான் செய்கின்றன. ஆனாலும் 1992இல் ஜிபிஎல்லுக்கு மாறிய லினக்ஸுக்கு ஐபிஎம்மும், ஏன், அதே இன்டெலும் பல ஆண்டுகளாக நிரல் எழுதித் தருகின்றன. தவிர்க்க முடியாத அளவுக்கு நல்ல நிரல் என்றால் நிபந்தனையோடு சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்கள். தளர்வான உரிமம் பொருந்தும் இடமும் உண்டு. அப்போது காப்புரிமைச் சிக்கல் நிறைந்திருந்த எம்பி3க்கு மாற்றாக ஆக் வோர்பிஸ் ஒலி வடிவம் வந்தபோது, அதன் நிரல் நூலகத்தை 2001இல் பிஎஸ்டிக்கு மாற்றினார்கள். ஸ்டால்மனே அதை ஆதரித்தார். எல்லாக் கருவிகளிலும் நுழைந்தால்தான் ஒரு வடிவம் பிழைக்கும்.

ஆகவே, எங்கும் பரவ வேண்டிய வடிவம், நெறிமுறை என்றால் தளர்வான உரிமம் சரி. சாதனத்துக்குள் பூட்டி விற்கப்படக்கூடிய நிரல் என்றால் ஜிபிஎல்தான் வேண்டும். வெளியிடும் முன்பே இதை முடிவுசெய்துவிடுங்கள். தளர்வாகக் கொடுத்த பதிப்பைப் பிறகு திரும்பப் பெற முடியாது.