திரை ‘100’ என்கிறது. மேஜை உண்மையில் 100 மில்லிமீட்டர் நகர்ந்ததா?

கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரத்தின் திரையில் 100.000 என்று மின்னுகிறது. நம்பலாமா? பல இயந்திரங்களில் அந்த எண், மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பதைத்தான் சொல்கிறது. மேஜை எங்கே நின்றது என்பது அதற்குத் தெரியாது.

மோட்டாருக்கும் மேஜைக்கும் இடையில் பால் ஸ்க்ரூ என்ற நீண்ட திருகு இருக்கிறது. பழைய லாரியின் ஸ்டியரிங்கைத் திருப்பினால், சக்கரம் அசையுமுன் கொஞ்சம் சும்மா சுற்றும் அல்லவா? தேய்ந்த திருகும் திசை மாறும்போது அப்படித்தான். இதை பேக்லாஷ் என்பார்கள். போதாததற்குச் சூடு வேறு: ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி ஏறினாலே ஏறக்குறைய 11 மைக்ரான் நீளும்.

பிறகு எதை வைத்து அளப்பது? ஒளியை வைத்து!

லேசர் கதிரை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று அசையாத பிரதிபலிப்பானிலும், மற்றொன்று மேஜையோடு நகரும் பிரதிபலிப்பானிலும் பட்டுத் திரும்பிச் சேர்கின்றன. மேஜை நகர நகர, சேர்ந்த ஒளி பளிச்சிட்டு மங்கும். ஹீலியம்-நியான் லேசரில் ஒரு மங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே மேஜை நகர்ந்தது சுமார் 0.316 மைக்ரான். எண்ணினால் தூரம் கிடைத்துவிடும்.

ஒரே புள்ளிக்கு மேஜையை இரு திசையிலிருந்தும் ஐந்தைந்து முறை கொண்டுவந்து அளக்கச் சொல்கிறது, இந்தச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 230-2. ஒரே ஒருமுறை அளந்து சான்றிதழ் ஒட்டுவதெல்லாம் கண்துடைப்பு. எப்போதும் ஒரே அளவு தவறும் இயந்திரம் பரவாயில்லை. திருத்தத்தைக் கன்ட்ரோலரில் பதிந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால், திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டிவரலாம்.