புழைக்கடை ஆரஞ்சு மரங்களைப் பூச்சிகளினின்று காத்தல்

சேலம் ஜில்லாவைச் சேர்ந்த சேர்வராயன் மலைகளில், 1820-ம் ஆண்டையொட்டிக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையவர்கள் காலத்தில் காபிப் பயிர் தொடங்கிற்று. காபிச் செடிகளின் ஊடே கமலா ஆரஞ்சு பயிராவது போலவே, மலைக் கிராமங்களில் வீட்டுப் புழைக்கடைகளிலும் இரண்டொரு ஆரஞ்சு, எலுமிச்சை அல்லது நாரத்தை மரங்களைக் காணலாம். இம்மரங்களுக்கென்று தனிப் பராமரிப்பு செய்வோர் சிலரே. காய்த்தால் பறிப்பதும், காய்க்காவிடில் வெட்டி அடுப்பிலிடுவதுமே வழக்கமாக இருந்து வருகிறது.

சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் பாதைக்கருகில் உள்ள ஒரு கிராமத்துக்குச் சில காலத்துக்கு முன் சென்றிருந்தேன். ஒரு குடியானவர் தம் தாயார் நட்ட ஆரஞ்சு மரத்தை வெட்டக் கோடரியுடன் நின்றுகொண்டிருந்தார். இலைகளெல்லாம் கரிபூசினாற்போல் கறுத்தும், கிளைக் கணுக்களில் வெண்பஞ்சு போன்ற திரள்கள் அடைந்தும், அடிமரம் முழுவதும் எறும்புகள் ஊர்ந்தும் காணப்பட்டன. மரத்துக்குத் தீராத வியாதி வந்துவிட்டதென்பது அவர் எண்ணம். அடுத்த வீட்டு மரமோ உயரமாகவும் பசுமையாகவும் நின்றது. ஒரே ஒரு கிளைமட்டும் மஞ்சளித்திருந்தது. உண்மையில் அஞ்சவேண்டியது அந்த ஒரு மஞ்சள் கிளையைப் பற்றியேயன்றி, கறுத்த மரத்தைப் பற்றியன்று. இவ்வேற்றுமையைக் குடியானவர்கள் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

மாவுப்பூச்சியும் எறும்பும்

மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவிணி ஆகியவை சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை வெளியிடுகின்றன. அதன்மீது கரும்பூசணம் படர்வதாலேயே இலை கறுக்கிறது. எறும்புகள் அத்தேனுக்காக இப்பூச்சிகளைப் பசுவைக் காப்பதுபோல் காத்து, அவற்றைத் தின்ன வரும் நல்ல பூச்சிகளை விரட்டுகின்றன. ஆகையால் முதல் வேலை எறும்பைத் தடுப்பதே. தரையையும் சுவரையும் தொடும் கிளைகளை நறுக்கி, அடிமரத்தில் அகலமான துணியையோ பிளாஸ்டிக் தாளையோ இறுகச் சுற்றி, அதன்மேல் ஒட்டும் பசையைத் தடவவேண்டும். பட்டையின் மேல் நேராகத் தடவலாகாது.

பின்னர் லிட்டர் நீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கரைத்து, பூச்சிகள்மீது நன்றாகப் படும்படி தெளிக்கலாம்.

இவ்விடத்தில் என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். உத்தியோகத்தின் ஆரம்ப காலத்தில், ஒரு தோட்டத்தில் வெண்மெழுகு போர்த்த புழுக்களைக் கண்டு, பெரிய மாவுப்பூச்சிகளென்று எண்ணிக் கடுமையான மருந்தைத் தெளிக்கச் செய்தேன். அவை மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழுக்கள். இரண்டு மாதத்தில் மாவுப்பூச்சி முன்னிலும் பன்மடங்காயிற்று. இவ்வண்டு காபிப் பூச்சிகளை ஒழிக்கும் பொருட்டு 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் புழு மாவுப்பூச்சியைவிடப் பெரிதாயிருப்பதோடு விரைவாகவும் நடக்கும். அத்தகையதைக் கண்டால் நசுக்காமல் விடுக. வண்டுகள் கிடைக்குமிடத்தில் மரத்துக்கு 10 வீதம் விடலாம்.

கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கவிருந்த வெண்பஞ்சுச் செதில்பூச்சியை, 1888-89-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த வெடாலியா என்னும் சிறு பொறிவண்டே அடக்கிற்று. அதே பூச்சி பின்னர் நீலகிரியில் வாட்டில் மரங்களில் தோன்றியபோதும் அவ்வண்டே வரவழைக்கப்பட்டது.

தளிரைத் தாக்குவன

பறவை எச்சம் போன்ற தோற்றமுள்ள புழு, வளர்ந்தபின் பச்சை நிறமாகும். இது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறு கன்றுகளை மொட்டையாக்கிவிடும். புழைக்கடையில் இதற்குக் கையே மருந்து. காலையில் பொறுக்கி அழித்தால் போதும். இலையில் வெள்ளிக்கம்பி போல் வளைந்த கோடு தோன்றினால் அது இலைத் துளைப்பான். வளர்ந்த மரத்துக்கு இதனால் பெருநஷ்டமில்லை. அடிக்கடி கவாத்துச் செய்து ஓயாமல் தளிர் விடச் செய்வதே இதை வளர்க்கும்.

500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து, 20 கிராம் சோப்பு சேர்த்துத் தளிர்விடும் சமயத்தில் மாலையில் தெளிக்கலாம். பூத்திருக்கும்போது எந்த மருந்தும் தெளிக்கலாகாது. தேனீக்களுக்குக் கேடு விளையும்.

கிளை நுனி காரணமின்றி வாடினால், உள்ளே தண்டு துளைக்கும் புழு இருக்கலாம். வாடிய பாகத்துக்குச் சிறிது கீழே நறுக்கி எரித்துவிடுக. பழுக்கும் காலத்தில் இரவில் வந்து பழத்தைக் குத்திச் சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியின் புழு, வேலிகளிலுள்ள சீந்தில்கொடியில் வளர்கிறது. மரத்தருகே அக்கொடியை அகற்றி, பழங்களுக்குப் பை கட்டி, உதிர்ந்தவற்றைப் புதைத்தல் நன்று.

உயிர்ப்பகையான பூச்சி

சைலா என்னும் பூச்சி 3 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி இலையில் அமர்ந்திருக்கும். இது சாறு உறிஞ்சுவதால் வரும் நஷ்டம் சிறிது. ஆனால் பசுமை நோய் என்னும் தீராப் பிணியின் கிருமியை மரத்துக்கு மரம் சுமந்து செல்வது இதுவே. நோய் கண்ட மரத்தில் முதலில் ஒரு கிளை மஞ்சளிக்கும். இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் மஞ்சள் திட்டுகள் ஒவ்வாமல் இருக்கும். பழம் சிறுத்து, ஒருபுறம் கோணி, விதைகள் பதராகும். அமெரிக்காவின் புளோரிடாவில் 2005-ல் இந்நோய் கண்டறியப்பட்டபின், ஆரஞ்சு விளைச்சல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

இச்சைலா கறிவேப்பிலையிலும் தங்கும். ஆகவே ஆரஞ்சுக்கு மருந்து தெளிக்கும்போது அருகிலுள்ள கறிவேப்பிலைத் தளிரையும் கவனித்தல் வேண்டும். சந்தேகமுள்ள மரத்தின் இலையையும் பழத்தையும் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் காட்டி, நோயென்று நிச்சயமானால் சைலாவுக்கு மருந்து தெளித்தபின் மரத்தை வேரோடு அகற்றுக. அடையாளம் தெரியாத நாற்றுகளை வாங்கி வருதலும் ஆகாது.

முற்கூறிய குடியானவர் கோடரியைக் கீழே வைத்தார். எறும்பைத் தடுத்து, சோப்புக் கரைசல் தெளித்தபின் அவர் தாயாரின் மரம் புதுத் தளிர் விட்டது. அடுத்த வீட்டார் பலநாள் தயங்கினர். காய்க்கும் மரத்தை வெட்ட யாருக்குத்தான் மனம் வரும்? கோணிய பழங்களை அறுத்துப் பதர் விதைகளைக் கண்டும், அதிகாரிகளின் அபிப்பிராயத்தைக் கேட்டும், முடிவில் இசைந்தனர். ஒரு மரத்தை இழந்து தெருவிலுள்ள மற்ற மரங்களைக் காத்தனர்.

கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்தாரும், கேட்பாரற்று நிற்கும் பழைய மரங்களைக் கணக்கெடுத்து உடையவர்களுக்குத் தெரிவிப்பது பேருதவியாகும். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமத்தார் பலரும் கூடுகின்றனர். இச்செய்தியை எடுத்துரைக்க அதனினும் ஏற்ற சமயம் வேறில்லை. ஒருவர் புழைக்கடையில் பெருகும் பூச்சி வேலியோடு நில்லாது என்பதை யாவரும் நினைவிற்கொள்வார்களாக.