வெயிலுக்கு முதல் பந்தி

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் பங்குனி, சித்திரையில் படும் பாடு தனி ரகம். தையில் ஊன்றிய கொத்தவரை இரண்டு மாதத்தில் காய்ப்புக்கு வந்துவிடும். தக்காளியும் மிளகாயும் கொஞ்சம் பிந்தி வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். வேலியோரச் சுண்டை யாரையும் கேட்காமல் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். மூன்று பேர் உள்ள வீட்டில் இத்தனையையும் சமைத்துத் தீர்க்க முடியாது. வற்றல் போடலாம், தொக்கு கிளறலாம், ஊறுகாய் போடலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது கூடையில் எது மலையாகக் குவிந்திருக்கிறதோ அதில். அது பெரும்பாலும் தக்காளியாக இருக்கும். பதினொரு மணிக்கு அடுப்படி அனலாகக் கொதிக்கும், தொக்கு இன்னும் சுருண்டிருக்காது, கொத்தவரையின் காம்புகூடக் கிள்ளப்பட்டிருக்காது. மாடியிலோ நல்ல வெயில் வீணே காய்ந்துகொண்டிருக்கும். என் கட்சி இதற்கு நேரெதிரானது. நம் கைபடாமல் தானாக நீண்ட நேரம் நடக்கிற வேலையை முதலில் தொடங்கிவிட வேண்டும். பக்கத்திலேயே நின்று கிளற வேண்டியதெல்லாம் கடைசிக்குப் போகட்டும்.

இதைச் சொல்ல ஆதாரம் இந்தத் தொழிலின் உள்ளேயே இருக்கிறது. காய்கறியின் எடையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர்தான். கிருமியும் பூஞ்சையும் வாழ்வது அந்தத் தண்ணீரை நம்பி. வெயில் அதை ஆவியாக்குகிறது. உப்பு அதைக் காயிலிருந்து வெளியே இழுப்பதோடு, மிச்சமிருப்பதையும் கிருமிக்குப் பயன்படாமல் கட்டிப்போடுகிறது. புளிப்பு, பல கிருமிகள் பிழைக்க முடியாத சூழலை உண்டாக்குகிறது. இந்த மூன்றும் நேரத்தை எடுத்துக்கொள்ளுமே தவிர ஆளைக் கேட்பதில்லை. கொத்தவரங்காய் வற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு கிள்ள அரை மணி, உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடக் கொதி, அவ்வளவுதான் நம் பங்கு. அந்தச் சிறு கொதியும் வீண் வேலை இல்லை. காயின் நிறத்தையும் ருசியையும் மெல்ல மாற்றும் நொதிகளை அது அடக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு மூன்று நாள் வெயில் பார்த்துக்கொள்ளும். தக்காளித் தொக்கு அப்படியில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றால் ஒன்றரை மணி நேர வேலை நடக்கும், நகர்ந்தால் அடிப்பிடிக்கும்.

மோர் மிளகாயின் செய்முறையை உற்றுப் பார்த்தால் அதை வகுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது புரியும். பச்சை மிளகாயைக் காம்போடு கீறி உப்புப் போட்ட புளித்த மோரில் போட்டு வைக்கிறோம். இரவெல்லாம் ஊறுகிறது, பகலெல்லாம் காய்கிறது, மாலையில் மறுபடி அதே மோருக்குள் போகிறது. மோர் வற்றும்வரை மூன்று நான்கு நாள் இப்படியே ஓடும். காய வைத்த பண்டம் இரவின் ஈரக்காற்றில் மறுபடி ஈரம் உறிஞ்சும் என்பது கடலோர ஊர்க்காரர்கள் அறிந்த தொல்லை. இங்கே அந்த இரவுக்கே ஒரு வேலை கொடுத்துவிடுகிறார்கள். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் இதே வழிதான். சுண்டையை மட்டும் முதலில் நசுக்கி அலச வேண்டும். மிளகாய் கீறுபவர்கள் கையில் முன்கூட்டியே எண்ணெய் தடவிக்கொள்வதிலும் காரணம் உண்டு. காரத்தைத் தரும் பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எரிகிறதே என்று குழாயடிக்கு ஓடிப் பயனில்லை. எண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்புப் போட வேண்டும்.

அப்படியானால் ஞாயிறு சனிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வற்றலுக்கான காயை அப்போதே பறித்துக் கழுவி, மின்விசிறிக்கு அடியில் துணியில் பரப்பிவிடலாம். காலையில் கழுவினால் மேல் ஈரம் உலர்வதற்கே முதல் இரண்டு மணி வெயில் போய்விடும். விடிந்ததும் கொத்தவரையைக் கொதியில் போட்டெடுத்து வடித்து, எட்டு மணிக்குள் மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். முருங்கைக்கீரையைப் பனி உலர்ந்ததும் ஒடித்து வந்து அலசி, அறைக்குள் காற்றாடத் தொங்கவிடலாம். நேர் வெயிலில் அதன் நிறமும் வைட்டமின் ஏ-க்கு மூலமான சத்தும் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் அதற்கு நிழல்தான் சரி. அடுத்து எலுமிச்சையை நறுக்கி உப்பில் புரட்டி ஜாடியில் போட்டால், அன்றாடம் ஒருமுறை குலுக்குவதைத் தவிர அதற்கு நம்மிடம் கோரிக்கை எதுவும் இல்லை. முற்பகலில் சுண்டையை நசுக்கி மோரில் போடலாம். நடுப்பகலில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம், தப்பில்லை. அந்நேரத்திலும் நான்கு வேலைகள் நடந்துகொண்டுதான் இருக்கும். மிளகாய்க்குப் பிற்பகல் போதும், முதல் ஊறல் எப்படியும் இரவில்தானே. வெயில் இறங்கி மாடித் துணிகளை உள்ளே எடுத்த பிறகு, அடுப்படி கொஞ்சம் ஆறியிருக்கும் நேரத்தில் தக்காளிக்கு வரலாம்.

இருப்பதிலேயே சீக்கிரம் அழுகுவது தக்காளியாயிற்றே, அதைக் கடைசியில் வைப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தோல் முழுசாக இருக்கும் பழம் ஒரு பகலில் கெட்டுப்போவதில்லை. வெடித்தது, அடிபட்டது, பறவை கொத்தியது ஆகியவைதான் அவசரக்காரர்கள். பறிக்கும்போதே அவற்றைத் தனியே ஒதுக்கி, அழுகல் தட்டாததைப் பார்த்து வெட்டி அன்றைய ரசத்துக்கும் சட்னிக்கும் அனுப்பிவிட்டால் மீதி மாலைவரை தாராளமாகக் காத்திருக்கும். காத்திருக்க முடியாதது வெயில். அக்கினி நட்சத்திர நாளிலும் காய வைக்க உருப்படியான வெயில் ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் கிடைப்பதில்லை, போனால் மறுநாள்தான். கெடும் வேகத்தைப் பார்த்து வரிசை போடுவது சந்தைக்குச் சரக்கு அனுப்புபவருக்குப் பொருந்தலாம். வீட்டில் முதலில் தீர்ந்துபோவது சரக்கு அல்ல, வெயிலும் நம் தெம்பும்தான்.

அந்தக் காலத்தில் இப்படித் திட்டம் போட்டா செய்தார்கள் என்றும் கேட்பார்கள். திட்டம் இருந்தது, ஆள் வடிவில் இருந்தது. கூட்டுக்குடும்பத்தில் ஒருத்தி கீற, ஒருத்தி கிளற, பாட்டி மாடியில் காக்கை விரட்ட, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. வரிசை தேவைப்படவில்லை. அந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது என்பதை மறந்துவிட்டு அதைப் பொற்காலமாக்கிப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்று அதே வேலையைச் செய்பவர் ஒருவரோ இருவரோதான். செய்முறையை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் குறைத்தால், குறைந்த ஆட்களின் இடத்தை வரிசைதான் நிரப்ப வேண்டும்.

அவசரம் எங்கே ஆபத்தாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று இப்போது பலரும் மேல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து, காய்களைப் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்து மூடிவிடுகிறார்கள். இந்த முறைக்கு மூலவர் பிரான்சின் நிக்கோலா அப்பேர். 1810-இல் அரசின் பரிசுப் பணம் பெற்று நூலாகவும் எழுதியவர். ஏன் கெடுவதில்லை என்று அவருக்கே தெரியாது, கிருமிகளின் பங்கைப் பாஸ்டர் நிறுவியது பிற்பாடு. சாதாரணக் கொதிநீரின் 100 டிகிரியில் பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத பாட்டில் அவற்றுக்குப் பிடித்த இடம். பிஎச் அளவு 4.6-க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பில், அவை வளராது. தக்காளி இந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்கும் பழம், ஆகவே தொக்குக்குப் புளி சேர்ப்பது ருசிக்காக மட்டும் இல்லை. பீன்ஸையும் கொத்தவரையையும் கொதிநீர்ப் பாட்டிலில் அடைக்கவே கூடாது. எண்ணெய் மூழ்க ஊற்றினால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. எண்ணெய் காற்றைத் தடுக்கும், கிருமியைக் கொல்லாது. பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. வற்றலிலும் அவசரத்துக்குத் தண்டனை உண்டு. வெளியே மொறுமொறுப்பாகி உள்ளே ஈரம் நின்றால் டப்பாவில் பூஞ்சை பூக்கும். சில பூஞ்சைகள் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்லாடாக்சினைச் சுரக்கும், பொரித்தாலும் அது முழுதாக அழியாது. ஒடித்தால் சடக்கென்று ஒடியாத வற்றலை இன்னொரு நாள் வெயிலுக்கு அனுப்புவதே உத்தமம். பூஞ்சை கண்டது குப்பைக்குப் போகட்டும்.

ஃப்ரிட்ஜ் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பவர்களுக்கு: சாதாரண தட்டில் வைப்பது நாலைந்து நாள் தவணை வாங்குவது மட்டும்தான். உறைநிலைப் பெட்டி உண்மையிலேயே பாதுகாக்கும், அதற்கு இடமும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும். மேகமூட்டமான நாட்களுக்கு மின் உலர்த்தி நல்ல துணை. அதுவும் தானாக நடக்கும் வேலை என்பதால் என் வரிசையில் அதன் இடம் காலைதான். உப்பைப் பற்றிய ஆட்சேபம் இவற்றைவிட வலுவானது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வற்றலும் ஊறுகாயும் தாராளமாகப் பரிமாறப்படும் சாப்பாட்டில் அந்த வரம்பு நிற்காது. அதற்காக ஜாடியில் உப்பைக் குறைப்பது தவறு, அங்கே உப்பு காவல் வேலை பார்க்கிறது. குறைக்க வேண்டிய இடம் இலை. இரத்த அழுத்தக்காரர்கள் உள்ள வீட்டில் அளவோடு போடுவது இன்னும் நல்லது.

அளவு என்று வரும்போது, பறிக்காமல் விடுவதும் ஒரு வழிதான். மிளகாய்க்கு அவசரமே இல்லை. செடியிலேயே பழுத்துச் சிவக்கட்டும், பத்துநாள் கழித்துப் பறித்துக் காய வைத்தால் மிளகாய் வற்றலாகிவிடும். எலுமிச்சையும் மரத்தில் கொஞ்ச நாள் தாங்கும். சுண்டை தாங்காது, விதை கடினமாகிவிடும். வெண்டையும் கத்தரியும் வற்றலாகும்தான், ஆனால் அந்த ஞாயிற்றில் அவற்றுக்கும் இடம் தேடுவதைவிட அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். கொத்தவரையில் நார் பாய்ந்துவிட்டதைக் கிள்ளிக் கிள்ளி நேரம் போக்காமல் செடியிலேயே விட்டால் ஆடிக்கு விதை கிடைக்கும். அப்போது மொத்தத்தையும் ஒரே நாளில் ஊன்றாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில தொட்டிகளாக ஊன்றினால், காய்ப்பும் அப்படியே பிரிந்து பிரிந்து வரும்.