பம்பு ஓடுகிறது, திரவம் ஓடுகிறதா?

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் ஒரு எல்.என்.ஜி. முனையம் செயல்பாட்டுக்கு வந்தது. இத்தகைய முனையங்களில் இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து, திரவமாகத் தொட்டிகளில் நிற்கும். அதை வெளியே அனுப்பும் பம்பு தொட்டிக்கு உள்ளேயே இருக்கும். கூரையிலிருந்து அடிவரை இறங்கும் பெரிய குழாய்க்குள், மோட்டாரோடு சேர்த்து அதை மூழ்கவிட்டிருப்பார்கள். எல்.என்.ஜி. மின்சாரத்தைக் கடத்தாது என்பதால்தான் இது முடிகிறது. மோட்டாரைக் குளிர்விப்பதும் பேரிங்குகளுக்கு மசகாக இருப்பதும் அந்தத் திரவமே.

அதனால், ஓட்டம் குறைந்தால் முதலில் அடி வாங்குவது பம்புதான்.

மோட்டாருக்குள் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கிறது, திரவமோ நகரவில்லை. அந்த ஆற்றல் முழுக்க வெப்பமாகிறது. சாதாரணத் தண்ணீர் என்றால் கொதிப்பதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. எல்.என்.ஜி. எப்போதும் கொதிநிலையை ஒட்டியே நிற்பதால், சிறிது சூடு ஏறினாலே ஆவிக் குமிழ்கள் கிளம்பிவிடும். குமிழ் புகுந்த இடத்தில் பேரிங்குக்கு மசகு இல்லை. இம்பெல்லரின் வாயில் திரவம் திரும்பிச் சுழன்று அதிர்வைக் கிளப்பும். தண்டின் மீது விழும் தள்ளுவிசையும் சமநிலை தவறும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அழுத்தமானியை நம்பவே கூடாது. ஓட்டம் நின்றுபோன பம்பு நல்ல அழுத்தத்தையே காட்டும். இரண்டு பம்புகள் ஒரே குழாயில் சேரும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. ஒன்று சற்றுத் தேய்ந்திருந்தால், வலுவான பம்பின் அழுத்தம், திரவத்தை ஒரே திசையில் மட்டும் விடும் தேய்ந்ததன் செக் வால்வைத் தள்ளி மூடிவிடும். மொத்தக் குழாயின் ஓட்டமானி நிறைவான அளவைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு பம்பு சும்மா சுழன்று வெந்துகொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு பம்புக்கும் தனி ஓட்டமானி தேவை. செலவைக் காரணம் காட்டி இதில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

பாதுகாப்பு ஏற்பாடு சிக்கலானதல்ல. பம்பின் வெளியேற்றத்திலிருந்து ஒரு கிளைக்குழாய் தொட்டிக்கே திரும்பும். எரிவாயுத் தேவை குறைந்து, ஓட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால், அதிலுள்ள வால்வு திறந்து பற்றாக்குறையை ஈடுகட்டும். கிளை பிரிய வேண்டிய இடம் செக் வால்வுக்கு முன்னால். பின்னால் பிரித்தால், செக் வால்வு மூடும் நேரத்தில் அந்தக் கிளையால் பயனில்லை. வால்வை இயக்கும் கருவிக் காற்று நின்றுபோனால், அது தானாகத் திறக்கும்படி வைப்பதே நல்லது. இத்தனைக்குப் பிறகும் ஓட்டம் எழாவிட்டால், சில நொடிகளில் மோட்டார் டிரிப் ஆக வேண்டும்.

குறைந்தபட்ச ஓட்டம் எவ்வளவு? சூடேறாமல் காக்க ஓர் அளவு, அதிர்வில்லாமல் தொடர்ந்து ஓட இன்னோர் அளவு. பெரும்பாலும் இரண்டாவதே கூடுதல். அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் அது இருக்கும்.

திரும்பி வரும் திரவம் வெப்பத்தையும் தொட்டிக்குள் கொண்டுவருகிறது. அதனால் எழும் கூடுதல் ஆவியைக் கம்ப்ரஸர் கையாள வேண்டும், மின்செலவு ஏறும். இதைக் குறைக்க எண்ணி, டிரிப் அளவையும் வால்வு திறக்கும் அளவையும் கீழே இறக்கும் ஆசை வரும். அப்படி இறக்குவதற்கு முன் தயாரிப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.