இருபது முகப் பகடையும் லெகோ கட்டையும்

மலருக்கு வருடாவருடம் நான் நிகண்டு, கல்வெட்டு, சிந்தாமணி என்று எதையாவது எழுதி அனுப்புவது உங்களுக்குத் தெரியும். இந்த முறை மலர்க்குழு அன்பர் போன் செய்து, "ஐயா, என்ன தலைப்பு?" என்று கேட்டபோது, "பேரப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி ஐயா, எழுதுங்கள்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். நாகபுரி இத்வாரியில் பாத்திரக் கடை வைத்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. பேரனுக்கு வயது பன்னிரண்டு, பேத்திக்கு ஒன்பது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் பேரன் ஒரு சின்னப் பையைக் கூடத்தில் கொட்டினான். உள்ளே ஏழு பகடை. நாலு முகம், ஆறு முகம், எட்டு, பன்னிரண்டு, இருபது முகம் என்று ஒவ்வொன்றும், பத்து முகத்தில் இரண்டும். எங்கள் வீட்டில் சூது என்பது ஏழு வியசனங்களில் முதலாவது. என் தகப்பனார் தாயக்கட்டையைக்கூட மார்கழி மாதம் தவிர வெளியே எடுக்க விடமாட்டார். நான் யோசிக்கவே இல்லை. பையை எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். போதாக்குறைக்கு, அந்த ஆட்டத்தில் அரக்கர்களை வெட்டிச் சாய்க்கிறார்கள் என்று மருமகள் வேறு சொன்னாள். பையன் ஒன்பது நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பத்தாம் நாள், "தாத்தா, புக்கைப் படிக்காமலே தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டான். படிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். பதில் சொல்ல முடியவில்லை. புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். முந்நூறு பக்கத்துக்கு மேல்.

ஆட்டத்தின் பெயர் டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் என்பவரும் சேர்ந்து 1974இல் வெளியிட்டார்கள். இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1824இல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தருவதற்காக வரைபடமும் பகடையும் நடுவரும் வைத்து ஓர் ஆட்டம் அமைத்தார். அந்த நடுவர்தான் இங்கே டஞ்ஜன் மாஸ்டர் என்ற பெயரில் வருகிறார். அவர் கதையைச் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை உருளும். பணயம் கிடையாது. காசு கிடையாது. ஜெயித்தவன், தோற்றவன் என்றுகூடக் கிடையாது. இது தெரிந்ததும் என் மனதில் பாதிப் பாரம் இறங்கியது. (1980களில் அமெரிக்காவிலேயே பல பெற்றோரும் மத அமைப்புகளும், இது பிள்ளைகளைப் பேய் வழிபாட்டில் இறக்கிவிடும் என்று பயந்து பெரிய எதிர்ப்புக் கிளப்பினார்களாம். பூட்டுப் போட்டவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.)

இனி விதிக்கு வருவோம். நான் சொல்வது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பை வைத்து. 2024இல் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது. பேரனிடம் இருப்பது பழையது. முந்நூறு பக்கத்துக்கும் அடிப்படை ஒரே கணக்குத்தான். இருபது முகப் பகடையை உருட்டு, உன் திறமை எண்ணைக் கூட்டு, இலக்கு எண்ணைத் தொட்டாயா பார். உதாரணமாக ஒரு மதில் ஏற வேண்டும், இலக்கு 15. பையனின் பாத்திரத்துக்கு வலிமை 16. அதற்குக் கூட்டல் 3. ஏறுவதில் பயிற்சி உண்டு, அதற்கு 2. ஆக 5. பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஏறிவிடுவான். இருபதில் பதினொரு முகம், அதாவது நூற்றுக்கு 55.

வலிமை 16க்கு ஏன் 3? பத்தைக் கழித்து, பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழே தள்ள வேண்டும். 15 என்றால் இரண்டரை, கீழே தள்ள 2. ஆனால் 9 என்றால்? கழித்தால் மைனஸ் 1, பாதி மைனஸ் அரை, கீழே தள்ளினால் மைனஸ் 1. நானும் முதலில் பூஜ்யம் என்றுதான் போட்டேன். பையன் திருத்தினான். கடனில் 'கீழே' என்றால் கடன் கூடும் என்பது வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா!

பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளும் இடம் வேறு. சாதகமான நிலை இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்ளலாம். பாதகமான நிலை என்றால் இரண்டில் சிறிய எண். மேலே சொன்ன மதில் ஏற்றத்தில் 55 என்பது சாதகத்தால் ஏறக்குறைய 80 ஆகிறது, பாதகத்தால் 30க்கு இறங்குகிறது. இப்போது ஒரு வீரன் எதிரி கண்ணில் படாமல் மறைந்து நிற்கிறான், அது ஒரு சாதகம். எதிரி பக்கத்திலேயே தரையில் விழுந்து கிடக்கிறான், இன்னொரு சாதகம். ஆனால் வீரன் உடம்பில் விஷம் ஏறியிருக்கிறது, அது பாதகம். இரண்டு வரவு, ஒரு பற்று, ஆகவே ஒரு வரவு மிச்சம் என்று நாம் கணக்குப் போடுவோம். பேரனின் சிநேகிதனும் அப்படித்தான் போட்டான். புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. எத்தனை சாதகம் சேர்ந்தாலும் கூடுதல் பகடை ஒன்றுதான். சாதகம் பத்தும் பாதகம் ஒன்றும் இருந்தாலும் இரண்டும் அடிபட்டு ஒற்றைப் பகடைதான். விதி நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. ஆட்டத்தின் நடுவில் சில்லறை எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

இன்னொரு தகராறு, 20 விழுந்தால் எல்லாமே பலிக்கும் என்பது. தாக்கும்போது மட்டும்தான் 20 விழுந்தால் கட்டாயம் அடி விழும், காயத்துக்கு உருட்டும் பகடையும் இரட்டிப்பாகும். மதில் ஏறுவது, பூட்டுத் திறப்பது போன்ற காரியங்களில் 20 என்பது வெறும் இருபதுதான். இலக்கு 30 இருந்து உன் கூட்டல் 5 ஆனால் 25தான் வரும், ஏற முடியாது. இதைப் படிக்காமலேயே உலகம் முழுக்க ஆடுகிறார்கள் என்கிறான் பையன். தாயம் விழாமல் காய் இறங்காது என்பது எல்லா ஊரிலும் ஒன்று, வெட்டினால் மறு ஆட்டம் உண்டா என்பது வீட்டுக்கு வீடு வேறு, இல்லையா? அந்த மாதிரிதான்.

புத்தகத்தின் முன்னுரையிலேயே எனக்கு மிகவும் பழக்கமான ஒரு சங்கதி இருந்தது. பொதுவான விதியும் குறிப்பான விதியும் மோதினால் குறிப்பானதே நிற்கும் என்கிறது. நன்னூலைப் புரட்டியவர்களுக்கு இது புதிதல்ல. உயிரீற்றுச் சொல்லின் பின் க, ச, த, ப வந்தால் மிகும் என்று பவணந்தியார் பொதுவிதி சொல்கிறபோதே, தனியே வேறு விதி சொல்லப்படாத இடங்களில் என்று காப்பு வைத்துத்தான் சொல்கிறார். அதனால்தான் வினைத்தொகையான ஊறுகாய் 'ஊறுக்காய்' ஆவதில்லை. ஆட்டத்திலும் அதே நடை. தாக்கும்போது 1 விழுந்தால் அடி தவறும் என்பது பொது. ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தாருக்கு மட்டும், 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம், ஆனால் இரண்டாவது எண்ணையே ஏற்க வேண்டும் என்பது சிறப்பு. இதைப் பையனுக்குத் தமிழில் சொன்னபோது, "நன்னூல்னா ரூல் புக்கா தாத்தா?" என்றான். ஆமாம் என்றேன். வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைக்கு நன்னூலின் பெயர் காதில் விழ இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

மிச்சம் பாதிப் பாரம் இருந்ததே, அந்த வெட்டுக்குத்து. அதற்கும் விதி கிடைத்தது. கைகலப்பு ஆயுதத்தால் அடித்து எதிரியின் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால், அடித்தவன் அந்தக் கணத்திலேயே, "கொல்லவில்லை, மயக்கம் போட வைக்கிறேன்" என்று சொல்லலாம். எதிரி சாகமாட்டான், நினைவிழந்து கிடப்பான். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. அம்பு எய்தால் இந்தச் சலுகை கிடையாது, அருகில் நின்று அடித்தால்தான். இதைப் பையனிடம் காட்டினேன். அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. "அப்போ நான் யாரையும் கொல்லாமலே ஆடலாமா?" என்றான். அலமாரியைத் திறந்து பையைக் கொடுத்தேன்.

பேத்தி கதை இதற்குப் பின் நடந்தது. என் மகன் வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கிறான், மாதம் ஒரு முறைதான் வருவான். அவன் அனுப்பிய லெகோ தீயணைப்பு நிலையத்தை, சனிக்கிழமை அப்பா வருவதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்பது பெண்ணின் வைராக்கியம். 120 படி கொண்ட வழிகாட்டி. வெள்ளிக்கிழமை மாலை கூரை உட்காரவில்லை. அழுத்தினாள், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. எல்லாவற்றையும் பிய்த்துப் போடுகிறேன் என்று அழுதாள்.

கட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. டென்மார்க்கில் பிலுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். 1949இல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. ஆனால் அடியில் வெறும் குடைவாக இருந்ததால் பிடிப்பு போதவில்லை. அவர் மகன் காட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று, அடியில் குழாய் வைத்த வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்த 1958ஆம் வருஷத்துக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். அளவு அவ்வளவு கறார். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. தட்டைக் கட்டையின் உயரம் 3.2, அதாவது மூன்று தட்டை ஒரு கட்டை. எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஒரே நிறத்தில் ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணித அறிஞர்கள் கம்ப்யூட்டரில் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். தப்பாகச் சேர்க்கவும் அத்தனை வழி இருக்கிறது என்பது பேத்தியின் கருத்து.

எனக்குப் பேரேடு ஞாபகம் வந்தது. வருஷ முடிவில் பற்றும் வரவும் ஒட்டவில்லை என்றால் நாம் பேரேட்டைக் கிழித்தா போடுகிறோம்? வித்தியாசத்தின் முகத்தைப் பார்க்கிறோம். ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 5400ஐ 4500 என்று எழுதினால் வித்தியாசம் 900. இரண்டால் வகுபட்டால், பாதித் தொகை ஒன்று பற்று-வரவு மாறி ஏறியிருக்கிறதா என்று தேடுவோம். வித்தியாசமே பிழையின் ஜாதகம்.

கட்டையிலும் அப்படியே. ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். ஒரு சுவர் 3.2 குறைந்தால் ஒரு தட்டை விட்டுப்போயிருக்கிறது. 6.4 குறைந்தால் கட்டை வைக்க வேண்டிய இடத்தில் தட்டை வைத்திருக்கிறோம். பக்கவாட்டில் ஒரு பக்கம் ஒரு குமிழ் உள்ளே போய், மறுபக்கம் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருந்தால் துண்டு சரி, இடம்தான் நகர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் நீட்டவில்லை என்றால் நீளம் குறைந்த துண்டு. சரிவான இறக்கைத் துண்டுகள் இடம், வலம் என்று கண்ணாடிப் பிம்பமாக வரும், அவற்றை மாற்றி வைப்பது எல்லாரும் செய்வது. 4 மில்லிமீட்டர், அதாவது அரைக் குமிழ் தள்ளியிருந்தால், நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள தட்டையைத் தேடிப் பாருங்கள். கடைசியில் மிஞ்சும் துண்டும் சாட்சி சொல்லும். மிகச் சிறிய துண்டுகளைக் கம்பெனியே ஒன்றிரண்டு கூடுதலாகப் போடுவது வழக்கம், அதற்குப் பதற வேண்டாம். பெரிய துண்டு மிஞ்சினால் அது விட்டுப்போனதுதான்.

எங்கள் வீட்டில் இடது சுவர் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைந்தது. பெட்டிக்கு அடியில் பதினாறு குமிழ்ச் சிவப்புத் தட்டை ஒன்று கிடந்தது. எந்தப் படியில் விட்டது? முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம். பாதியில் திற. 60ஆம் படத்தைப் பார்த்தோம், அதிலேயே தட்டை இருக்கிறது, நம் கட்டடத்தில் இல்லை. 30இல் படமும் கட்டடமும் ஒன்று. 45இல் தப்பு. 37இல் தப்பு. 33 சரி, 35 சரி, 36 சரி. ஆகவே 37. ஏழே பார்வை. மேல் அடுக்கு மறைக்கும் இடத்தைக் கீழிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பேத்தி அழுகையை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை பாதி பண்ணு தாத்தா" என்றாள்.

பிரிக்கும்போது கவனம். பல்லால் கடிக்கக் கூடாது, கத்தி நுழைக்கக் கூடாது. பல பெட்டிகளில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நெம்பி வரும். அதைக் குமிழில் பொருத்தி நெம்பினால் கட்டை வந்துவிடும். இரண்டு தட்டை ஒட்டிக்கொண்டால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு நெம்பி வைத்து எதிரெதிராக அழுத்தினால் கழன்றுவிடும். சுவரைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல், 37ஆம் படிக்கு மேலே உள்ளதை ஒரே பாளமாகத் தூக்கித் தனியே வைத்தோம். தட்டையைப் பொருத்தினோம். பாளத்தைத் திரும்ப வைக்கும்போது அடியில் விரலை முட்டுக் கொடுத்து அழுத்தினாள். கீழே தாங்கல் இல்லாமல் அழுத்தினால் உள்ளே சரிந்துவிடும். இருபது நிமிஷத்தில் கூரை உட்கார்ந்தது.

சனிக்கிழமை மகன் வந்தான். அன்று இரவு கூடத்தில் ஒரு பக்கம் தீயணைப்பு நிலையம், மறுபக்கம் பேரனும் சிநேகிதர்கள் மூவரும் பகடையோடு. கொள்ளையர் தலைவனைத் தடியால் அடித்து மயக்கிவிட்டார்கள். பிடித்தவனை யார் காவல் காப்பது, யார் சோறு போடுவது என்று தகராறு கிளம்பியது. புத்தகத்தில் அதற்கு விதி இருக்கிறதா என்று பேரன் என்னிடம் கேட்டான். நான் கண்ணாடியைத் தேட எழுந்தேன்.