ரோடு போடும் இடத்தில் ‘நிறுத்து’ என்று சொல்வது யார்? சைட் இன்சார்ஜ் வேலை: ஒரு விளக்கம்

பட்டுச் சேலை எடுக்கவோ, வரதராஜப் பெருமாளைச் சேவிக்கவோ சென்னையிலிருந்து காரில் காஞ்சிபுரம் போனவர்களுக்கு, ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வரும் இழுபறி நன்றாகவே தெரியும். ‘மாற்றுப் பாதையில் செல்லவும்’ போர்டு, கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் மேம்பாலம், புழுதி. தேசிய நெடுஞ்சாலை 48-ஐ ஆறு வழிச் சாலையாக்கும் வேலை இந்தப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மதுரவாயல் முதல் வாலாஜாபேட்டை வரை சாலை மோசமாக இருப்பதைக் காரணம் காட்டி, இரண்டு சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம் மட்டுமே வசூலிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது.

சென்னை - பெங்களூரு எக்ஸ்பிரஸ்வேயும் இதே மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது. 2022 மே 26-ல் அடிக்கல் நாட்டப்பட்டபோது அதன் நீளம் 262 கி.மீ., மதிப்பு 14,870 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிவிக்கப்பட்டது. முடிப்பதற்கான கெடு அதன் பிறகு ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போனது.

இவ்வளவு பெரிய திட்டத்தில், ‘இந்தப் பாலத்துக்கு இன்னைக்கு கான்கிரீட் போடலாமா, வேண்டாமா’ என்று முடிவெடுப்பது யார்? டெல்லியிலோ சென்னையிலோ ஏசி அறையில் இருப்பவர் அல்ல. ஹெல்மெட், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டுடன் காலையிலேயே சைட்டுக்கு வந்துவிடும் ஒருவர்தான். அவர்தான் சைட் இன்சார்ஜ். சிவில் படித்த பலர் போக விரும்பும் வேலை, போனவர்களில் பலர் இரண்டே வருடத்தில் விட்டுவிடும் வேலையும்கூட. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

பெயரிலேயே குழப்பம்

அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பெயர் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் சூப்பரிண்டெண்டென்ட்’. வேலை தேடும் ஆப்களில் நம் ஊர் ஆட்கள் குழம்புவது இங்கேதான். தமிழ்நாடு அரசுத் துறைகளில் ‘சூப்பரிண்டெண்டிங் இன்ஜினீயர்’, அதாவது கண்காணிப்புப் பொறியாளர், என்பது மிக உயர்ந்த பதவி. நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர், கோட்டப் பொறியாளர் என்று ஏறி வந்த பிறகுதான் எஸ்.இ. நாற்காலி. பல கோட்டங்கள் அவருக்குக் கீழே இருக்கும். தினமும் ஒரே சைட்டில் நிற்பது அவர் வேலை இல்லை.

அமெரிக்க சூப்பரிண்டெண்டென்ட் செய்யும் வேலையை இங்கே செய்பவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். சிறிய வேலைகளில் ‘சைட் இன்சார்ஜ்’ என்பார்கள், பெரிய வேலைகளில் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர்’. அவருக்குக் கீழே சைட் இன்ஜினீயர், சூப்பர்வைசர், ஃபோர்மேன், மேஸ்திரி. மேலே புராஜெக்ட் மேனேஜர். பணம், ஒப்பந்தம், மீட்டிங் எல்லாம் மேலே இருப்பவர் பாடு. இன்று இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது இவர் பாடு.

எதிர்ப்பக்கமும் ஒருவர் உண்டு. நெடுஞ்சாலை ஆணையத்தின் சார்பில் வேலையைச் சோதிப்பவர். இ.பி.சி. முறை ஒப்பந்தம் என்றால் ‘ஆணையத்தின் பொறியாளர்’, ஹைபிரிட் ஆன்யூட்டி முறை என்றால் ‘சுயேச்சைப் பொறியாளர்’. 2016-ல் வந்த இந்த ஹைபிரிட் முறையில் திட்டச் செலவில் 40 சதவீதத்தை அரசு கட்டுமானத்தின்போதே தரும். மீதி 60 சதவீதத்தை ஒப்பந்ததாரர் திரட்டிப் போட்டு, சாலை முடிந்தபின் 15 ஆண்டுகளில் தவணையாகத் திரும்பப் பெறுவார். பராமரிப்பும் அவர் தலையில்தான். இன்று சைட்டில் விட்ட குறை நாளை அதே நிறுவனத்தின் செலவாகத் திரும்பி வரும்.

மூடிட்டா தெரியாது

இந்த வேலையின் அடிப்படையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அடுத்த அடுக்கு போட்டதும் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

சாலை என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது கறுப்புத் தார் மட்டும்தான். அதற்குக் கீழே மண் கரை, அதன் மேல் சப்கிரேட், ஜல்லிக் கலவை அடுக்குகள், அப்புறம்தான் தார் அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு இறுக வேண்டும் என்பதற்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அளவு வைத்திருக்கிறது. ஆய்வகத்தில் அந்த மண்ணுக்குக் கிடைக்கும் அதிகபட்ச அடர்த்தியில், கரைக்கு 95 சதவீதம், சப்கிரேடுக்கு 97, அதன் மேல் வரும் ஜல்லி அடுக்குகளுக்கு 98. ரோலர் ஓடிய இடத்தில் சின்னக் குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, குழியில் மணல் நிரப்பி அளந்து இதைச் சோதிப்பார்கள்.

சோதனை முடிந்ததும் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற தாள் போகும். ‘இந்த அடுக்கு தயார், வந்து பாருங்கள்’ என்று எதிர்ப்பக்கப் பொறியாளரை அழைக்கும் விண்ணப்பம் அது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த அடுக்கு. 97 வர வேண்டிய இடத்தில் 94 வந்தால்? மண்ணைக் கிளறி, தண்ணீர் விட்டு, மறுபடி ரோலர் ஓட்ட வேண்டும். டிப்பர்கள் வரிசையில் நிற்கும். வாடகை மீட்டர் ஓடும். ‘சார், மேல போட்டா யாருக்குத் தெரியப் போகுது?’ என்று ஒரு குரல் கேட்கும். முதல் மழைக்குத் தெரிந்துவிடும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் அங்கேயே நிறுத்தி, பிணைத்துவிட்டுத்தான் அடுத்த ஊடையைப் போடுவார். பார்க்காமல் நெய்துகொண்டே போனால் சேலை நெடுக அந்தக் கோடு ஓடும்.

இரண்டு மணி நேரக் கெடு

கான்கிரீட்டில் இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். ரெடிமிக்ஸ் லாரியில் கலவை ஏற்றியதிலிருந்து பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 4926 தர விதி. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தால் மட்டும் இதில் கொஞ்சம் தளர்வு உண்டு.

இப்படி நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணி. சிறுபாலத்தின் மேல்தளத்துக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. லாரி நெரிசலில் மாட்டி ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து நிற்கிறது. இன்சார்ஜ் குனிந்து பார்க்கிறார். ஒரு மூலையில் கவர் பிளாக் இல்லை. கம்பி நேரடியாகப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியே போட்டால் அந்த இடத்தில் கம்பியை மூடிக் காக்க கான்கிரீட் இருக்காது, சில வருடத்தில் துருப்பிடிக்கும். சரிசெய்ய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் கலவை கெட்டியாகிவிடும். டிரைவர் சொல்கிறார்: ‘கொஞ்சம் தண்ணி ஊத்தினா இளகிடும் சார்.’

இளகும்தான், ஆனால் பலம் போய்விடும். சிமென்ட்டுக்கு இவ்வளவு தண்ணீர் என்ற விகிதம் கூடக் கூட கான்கிரீட்டின் வலிமை குறையும். இன்சார்ஜ் முன் இருக்கும் வழி, லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்த நஷ்டத்துக்கு மேலதிகாரியிடம் பதில் சொல்வது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எம்25 கான்கிரீட் என்றால் 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதற்காக 150 மி.மீ. கட்டிகள் வார்த்து, தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு நசுக்கிப் பார்ப்பார்கள். அதாவது முடிவு இன்றைக்கு எடுக்க வேண்டும், ரிசல்ட் வருவதோ ஒரு மாதம் கழித்து. அதற்குள் அந்தத் தளத்தின் மேல் அடுத்த வேலையும் ஏறியிருக்கும். முட்டு எப்போது பிரிப்பது, எத்தனை நாள் தண்ணீர் கட்டுவது என்பதெல்லாம் ஐ.எஸ். 456-ல் இருக்கிறது. ‘கெடு வந்துடுச்சு, ரெண்டு நாள் முன்னாடியே பிரிச்சிடலாமா?’ என்ற கேள்வி மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது சைட்டில்தான் வரும்.

நிறுத்தாவிட்டால்?

கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. விரிசல்கள் தெரிந்ததால் 2019 மே மாதம் மூடப்பட்டது. மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கி, மறுபடி கட்டி, 2021 மார்ச்சில் திறந்தார்கள். மறுகட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் அப்போது 88 வயதான இ.ஸ்ரீதரன். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சீரமைத்த அதே பொறியாளர். அந்த வேலைக்கு ரயில்வே முதலில் வைத்த கெடு ஆறு மாதம். வேகமும் தரமும் சேர்ந்தே போக முடியும் என்பதற்கு இந்த இரண்டு வேலைகளுமே சாட்சி.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு மறக்க முடியாத நாள் ஒன்று இருக்கிறது. 2014 ஜூன் 28, மவுலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடி அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வடிவமைப்புப் பிழையை சைட்டில் நிற்பவர் தனியாளாகத் திருத்த முடியாது. ஆனால் தூணில் விரிசல், முட்டில் சாய்வு என எதையாவது கண்டால் ஆட்களை வெளியேற்றுவது அவரால்தான் முடியும்.

சட்டமும் அதையே எதிர்பார்க்கிறது. முன்பு 1996-ம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் பாதுகாப்புக்கான புதிய தொகுப்புச் சட்டம். 250 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானத் தொழிலாளர்கள் இருந்தால் தனியாகப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும். சின்ன சைட்டில் அந்தப் பொறுப்பும் இன்சார்ஜ் தலையில்தான் விழும். உதாரணமாக பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும்போது, ஆழம் 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்க மண் சரியாமல் தடுப்பு கட்ட வேண்டும் என்பது தர விதி. ‘பத்து நிமிஷ வேலைதானே’ என்று தடுப்பில்லாமல் இறங்கிய பள்ளங்களில்தான் ஆட்கள் புதைகிறார்கள்.

ஏரியும் கணக்கும்

காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். இங்கே நீண்ட சாலை போட்டால் எங்காவது ஒரு வரத்துக் கால்வாயையோ, ஏரியின் உபரிநீர் போகும் வழியையோ கடக்காமல் முடியாது. வரைபடத்தில் மெல்லிய கோடாக இருக்கும் கால்வாய் ஐப்பசியில் எப்படி ஓடும் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். நல்ல இன்சார்ஜ் சிறுபாலம் போடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பார்.

நீர்நிலையைக் கண்காணிப்பது இங்கே பழைய தொழில். உத்திரமேரூர் கல்வெட்டு என்றதும் குடவோலைத் தேர்தல்தான் எல்லோருக்கும் நினைவு வரும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது.

இன்றைய சைட்டில் அந்தக் கணக்கின் பெயர் ‘எம்-புக்’, அதாவது அளவுப் புத்தகம். எத்தனை கன மீட்டர் மண், எத்தனை டன் கம்பி என்று அளந்து எழுதினால்தான் பில் பாஸாகும். பக்கத்துக்கு எண் உண்டு, கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் அழிக்கவும் கூடாது, அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பல இடங்களில் அது கணினிக்கு மாறிவிட்டது. விதி மட்டும் அதேதான்.

சேரலாமா?

டிப்ளமோ சிவில் அல்லது பி.இ. சிவில் போதும். தனியாரில் முதல் சில வருடம் சைட் இன்ஜினீயர், பிறகு ஒரு பகுதிக்குப் பொறுப்பு, அப்புறம்தான் இன்சார்ஜ். அரசுப் பக்கம் போக டி.என்.பி.எஸ்.சி. தொழில்நுட்பப் பணிகள் தேர்வும், மத்திய அரசுக்கு எஸ்.எஸ்.சி. ஜே.இ. தேர்வும் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்களோடு வேலை செய்ய வேண்டியிருப்பதால் கொஞ்சம் இந்தி கைகொடுக்கும். காலையில் வேலை தொடங்கும் முன் ‘இன்னைக்கு எங்கே ஆபத்து’ என்று சொல்வது அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

வெயில், ராத்திரி கான்கிரீட், பண்டிகை நாளிலும் போன், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர். இதெல்லாம் வேலையோடு வரும். சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடாமல், இன்டர்வியூவில் மூன்று கேள்விகளை நீங்களும் கேட்கலாம். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு யாரிடம் ரிப்போர்ட் செய்கிறது, கெடுவை முடிக்க வேண்டியவரிடமா, அவரைத் தாண்டியவரிடமா? சோதனையில் தேறாத வேலையை இடித்துவிட்டு மறுபடி போட்டது கடைசியாக எப்போது? ஒரு சைட் இன்ஜினீயர் வேலையை நிறுத்தினால் மேலே இருப்பவர் முதலில் கேட்பது ‘ஏன் நிறுத்தின?’ என்பதா, ‘எப்ப ஆரம்பிப்ப?’ என்பதா?

மூன்றாவது கேள்விக்கு எதிரே இருப்பவர் கொஞ்சம் தயங்கினால், அந்த சைட்டில் கையெழுத்து உங்களுடையதாகவும் முடிவு வேறு யாருடையதாகவும் இருக்கும்.