அப்டேட் போட்ட போனுக்கு இரண்டு இரவு கொடுங்கள்

அப்டேட் போட்ட மறுநாளே போனைத் தூக்கிக்கொண்டு அட்டன் டவுனுக்கு பஸ் ஏற வேண்டாம். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவின் மேல் கணக்கிலிருந்தோ டவுனுக்கு வந்துபோனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். "போன் ஸ்டக் ஆகுது" என்று கடை மேசையில் வைத்தால் பல இடங்களில் கிடைக்கும் பதில் இரண்டுதான்: ரீசெட் அடிக்கலாம், இல்லையென்றால் புதுசு எடுக்கலாம். முதல் இரண்டு மூன்று நாட்களில் இந்த இரண்டுமே தேவையில்லை.

பெரிய அப்டேட் இறங்கி போன் மறுபடி ஓன் ஆனதும் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். உள்ளே வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு செயலியையும் புதிய பதிப்புக்குப் பொருந்தும்படி போன் மறுபடி தயார் செய்ய வேண்டும். படங்களுக்கும் கோப்புகளுக்கும் புதிதாக அட்டவணை போட வேண்டும். முன்பெல்லாம் அந்த வேலை நம் கண்ணெதிரே நடந்தது. செயலிகளின் எண்ணிக்கை ஓடி முடியும் வரை போன் திறக்காது. 2016இல் வந்த ஆண்ட்ரொய்ட் 7க்குப் பிறகு அதன் பெரும்பகுதி பின்னணிக்குப் போய்விட்டது. போன் சும்மா கிடந்து சார்ஜ் ஏறும் நேரத்தில்தான் அது நடக்கிறது. தோட்ட லயத்தில் சிக்கலே இங்குதான். ஒரே பிளக்கில் மூன்று போன்கள் மாறி மாறி ஏறும். ஏறும்போதே ஒருவர் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா கிடக்கும் நேரமே அந்தப் போனுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே இரண்டு இரவு, திரையை அணைத்து, விடியும் வரை சார்ஜில் விடுங்கள். பல போன்கள் அதிலேயே பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலைக்குப் பின்னால் இருக்கும் தோட்டங்களில் சிக்னல் மெலிந்தால் வட்ஸ்அப் சுற்றிக்கொண்டே நிற்கும். பழி அப்டேட்டின் மேல் விழும். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு கெமராவையும் தொடர்பு எண்களையும் திறந்து பாருங்கள். அவை சட்டென்று திறந்தால் குறை போனில் இல்லை.

அப்போதும் இழுத்தால் இடத்தைப் பாருங்கள். 32 ஜிபி போனில் சிஸ்டமே கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் பங்கு இன்னும் கூடலாம். போனின் நினைவகம் பழையதை அழித்துவிட்டுத்தான் அந்த இடத்தில் புதியதை எழுதும். காலி இடம் இல்லையென்றால் எதை எழுதவும் முதலில் இருப்பதை நகர்த்த வேண்டும், அதனால் எல்லாமே மெதுவாகிறது. நம்மவர் போன்களை நிரப்புவது பெரும்பாலும் வட்ஸ்அப்தான்: காலை வணக்கப் படங்கள், தேர்த் திருவிழா வீடியோக்கள், ஒரே மரண அறிவித்தல் ஐந்து குழுக்களில். வட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதிக்குள் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றையும், பலமுறை பகிரப்பட்டவற்றையும் தனியே காட்டும். அங்கிருந்து அழியுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தாய் பிள்ளைக்கு அனுப்பிய குரல் பதிவும் அதே இடத்தில்தான் கிடக்கும். அதை முதலில் மெமரி கார்டுக்கு மாற்றுங்கள்.

ரீசெட்டை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கும் அதுவே காரணம். எடுத்து வைக்காத படங்கள் திரும்ப வராது. அதோடு, பட்டன்களை அழுத்தி ரீசெட் அடித்தால் போன் மறுபடி திறக்கும்போது பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். திருட்டைத் தடுக்க 2015இல் ஆண்ட்ரொய்டில் சேர்த்த பூட்டு அது. போன் வாங்கிய அன்று கடைத் தம்பியே கணக்குத் திறந்து கொடுத்திருந்தால், கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. சாம்சங் போன்களில் கேஷை (தற்காலிகக் கோப்புகளை) மட்டும் துடைக்கும் வழி ஒன்று உண்டு. ஆனால் எல்லாவற்றையும் அழிக்கும் தெரிவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பழக்கமில்லாதவர் தொட வேண்டாம்.

பழைய போன் என்றால் பெட்டரியையும் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் சில விடியற்காலைகளில் தேயிலைக் கொழுந்தில் உறைபனி படியும். குளிரில் லித்தியம் பெட்டரியின் உள்தடை கூடும். தேய்ந்த பெட்டரியால் அப்போது வேண்டிய மின்னைக் கொடுக்க முடியாது. 30 சதவீதம் காட்டிக்கொண்டே போன் அணைந்துவிடும். அப்படி அணைவதைத் தடுக்கத்தான் அப்பிள் நிறுவனம் 2017இல் ஓர் அப்டேட் மூலம் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. அதை வெளிப்படையாகச் சொன்னது அந்த வருடம் டிசெம்பரில்தான். பிறகு பெட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராக இறக்கியது. பெட்டரியை மாற்றினால் வேகம் திரும்பும் என்பதை அப்பிளே ஒத்துக்கொண்டது. பெட்டரி உப்பி பின்மூடி எழும்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அதை சார்ஜில் போடவும் வேண்டாம்.

இப்படி அப்டேட்டால் போன்களை மெதுவாக்கியதற்காக 2018 ஒக்டோபரில் இத்தாலியின் போட்டி அதிகாரசபை அப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2014இல் வந்த நோட் 4 போனில், நோட் 7க்காகச் செய்த பதிப்பை ஏற்றும்படி சாம்சங் வற்புறுத்தியது என்பது குற்றச்சாட்டு. பெட்டரிக்கும் அங்கே விதி உண்டு: 2025 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போனின் பெட்டரி 800 தடவை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்க வேண்டும் என்பது சட்டம்.

நம் கணக்கு வேறு. 2024 செப்டெம்பர் வர்த்தமானி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக நிர்ணயித்தது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் அப்போது 33,750தான். அந்த வருடம் ஜனவரியிலிருந்து புதிய போனுக்கு 18 சதவீத வற் வரியும் சேர்ந்துகொண்டது. இப்படியான சம்பளத்தில் வாங்கும் போன் எந்த ஆண்டு வரை அப்டேட் பெறும் என்பதைக் காசு கொடுக்குமுன் தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருட்களின் மேல் என்ன அச்சிட வேண்டும் என்று பணிக்கும் அதிகாரத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுத்திருக்கிறது. போன் பெட்டியில் அந்த ஆண்டை அச்சிடும்படி சபை பணிக்க வேண்டும், தமிழிலும். சபையின் முறைப்பாட்டு எண் 1977.